நோயாளியின் பெயரைச் சொல்லவும்

பிஷ்கேக்
அக்டோபர் 12

அனாரா அக்காவுக்குத் தம்பி எல்தியாரின் சலாம். நீ, குழந்தைகள், உன் மாமியார், மாமனார் சாதிர்பெக் மாமா, ஆடு, மாடு, குதிரை எல்லாம் நலம்தானே? மச்சான் ரஷ்யாவிலிருந்து பேசுகிறாரா? இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ "ம்", "சரி", "ஆகட்டும்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால்தான் வேன் ஓட்டும் தாலாய் அண்ணனிடம் கடிதம் கொடுத்துவிடுகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

முதுகலைக்கான என் திட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சும்மா இல்லை, சண்டை போட்டு வாங்கினேன். பொருள் வடிவமைப்பு, சேவை வடிவமைப்பு என்று பெரிய பெயர் வைத்த படிப்பு. கூடப் படிக்கிற நகரத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒருத்தி தேநீர்க் கெண்டியின் மூக்கை வளைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் காபிக் கடையில் வரிசை எப்படி நிற்க வேண்டும் என்று சுவர் முழுக்கக் கலர் சீட்டு ஒட்டியிருக்கிறான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எழுந்து நின்று சொன்னேன், எங்கள் அப்பா நோயால் சாகவில்லை, ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்தும் வீட்டு எண் இல்லாத தெருவில் "சிவப்பு வாசல் வீடு எது" என்று அலைந்துகொண்டிருந்ததால் செத்தார் என்று.

திட்டம் எளிது. ஒரே எண். அழைத்தால் இயந்திரக் குரல் நோயாளியின் முழுப் பெயரைக் கேட்கும். பெயரைச் சொன்னால் போதும். ஊராட்சிப் பட்டியலில் தேடி வீட்டைக் கண்டுபிடித்து, ஆம்புலன்ஸுக்கும் அதே ஊரில் கார் வைத்திருப்பவருக்கும் வழியை அனுப்பிவிடும். எங்கள் பேராசிரியை தமீலா இசாயெவ்னா மட்டும் "யாரைக் கேட்டு இப்படி முடிவு செய்தாய்?" என்று குடைந்தார். யாரைக் கேட்க வேண்டும்? நான் அந்த மண்ணில் பிறந்தவன். இருந்தாலும் கேள்வித்தாள் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் நிரப்பி அனுப்பு.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். குழந்தைகளுக்கு முத்தம்.

எல்தியார்


தெரெக்-சாய்
அக்டோபர் 29

எல்தியாருக்கு அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம், கால்நடைகளும் நலம். அம்மாவின் முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பு அனுப்பியிருக்கிறேன், சூடாக்கித் தேய்த்துவிடு. உலர்ந்த இறைச்சி உனக்கு. கூட இருக்கும் பையன்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

கேள்வித்தாளை மாமனார் நிரப்பினார். கதவு நிலையில் தலை இடிக்காமல் அந்த மனிதர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. தாலாய் கையில் கவரைப் பார்த்ததும் இடித்த தலையைத் தேய்த்துக்கொண்டே வந்து, "படிப்புக்காரன் அனுப்பினதா? கொண்டா" என்று வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, பெயர் என்ற இடத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். ஒரு வாரத்துக்கு ஊரில் எல்லோரிடமும் அதே பேச்சு. மற்ற வீடுகளிலும் பெரியவர்கள்தான் நிரப்பினார்கள். நாங்கள் தேநீர் ஊற்றினோம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பகலில் இந்த ஊரில் ஆண்கள் யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் ரஷ்யாவில், மீதிப் பேர் மந்தையோடு. போன் செய்யப் போவது காகிதம் நிரப்பியவர்கள் இல்லை. நீ வந்து ஒரே ஒரு நாள் எங்கள் சமையலறையில் உட்கார். பிறகு கேள்வி தயார் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிஷ்கேக்கில் புகை அதிகம் என்கிறார்கள். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே.

அனாரா


பிஷ்கேக்
ஜனவரி 17

அன்புள்ள அக்கா, சலாம். எல்லோரும் நலம்தானே? பனி எவ்வளவு? ஆடுகளுக்குத் தீவனம் போதுமா? அம்மாவுக்கு உன் கொழுப்பு வேலை செய்கிறது, இப்போது மாடி ஏறுகிறாள்.

வரமுடியவில்லை, திட்டாதே. பரீட்சை, மென்பொருள், குரல் பதிவு என்று தலைக்கு மேல் வேலை. ஆனால் செய்தி கேள்: அடுத்த வாரம் உங்கள் மாவட்டத்தில் மூன்று ஊர்களில் சோதனை ஓட்டம் தொடங்குகிறது. தெரெக்-சாயும் அதில் ஒன்று. கடை வாசலில் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். ஆம்புலன்ஸின் பழைய எண்ணை அடித்தாலும் இனி புதியதற்கே திருப்பிவிடும், அதனால் யாரும் குழம்ப வேண்டியதில்லை. குரல் என் வகுப்புத் தோழி மதீனாவுடையது. செய்தி வாசிக்கிறவளைப் போலத் தெளிவாகப் பேசுவாள்.

இயந்திரம் பெயரை மூன்று தடவை கேட்கும். மூன்றிலும் சரியான பெயர் வரவில்லை என்றால் அழைப்பைத் துண்டித்துவிடும். விளையாட்டுக்குப் போன் செய்கிறவர்களைத் தடுக்க நானே வைத்த விதி அது. மாவட்ட அதிகாரிக்கு இந்த விதிதான் ரொம்பப் பிடித்தது. ஜூனில் என் இறுதித் தேர்வில் அவரும் வந்து உட்காரப்போகிறார், பிடித்துப்போனால் மாகாணம் முழுக்கக் கொண்டுபோவாராம்.

"சிவப்பு வாசல் வீடு" இனிமேல் இல்லை, அக்கா. அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

எல்லோருக்கும் என் அன்பு.

எல்தியார்


பிஷ்கேக்
பிப்ரவரி 24

அனாரா அக்காவுக்குச் சலாம். நலமா? குழந்தைகள் நலமா? போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. தாலாய் அண்ணன் வெறுங்கையோடு வந்து நிற்கிறார். போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. என்ன கோபமோ.

எனக்கு இருக்கிற கோபத்தை யாரிடம் சொல்வது? சோதனை ஓட்டம் பல்லை இளிக்கிறது. வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் முதல் கேள்வியிலேயே செத்துப்போகின்றன. பெயர் கேட்டால் பெயர் சொல்ல வேண்டும், இதில் என்ன கஷ்டம்? "எங்க வீட்டுப் பெரியவரு" என்கிறாள் ஒருத்தி. "எங்க மூத்தவரு" என்கிறாள் இன்னொருத்தி. ஆளாளுக்கு ஒரு கதை. சொந்தக் குடும்பத்துக்காரன் பெயரைச் சொல்லத் தெரியாத ஜனங்களுக்கு எந்தச் சேவையை வடிவமைத்து என்ன பயன்?

பேராசிரியை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பதிவுகளைப் போடச் சொன்னார். ஒன்று இருக்கிறது பார், கேட்டால் நீயும் சிரிப்பாய். ஒரு பெண், ஓடி வந்தவள் போல மூச்சு வாங்குகிறது. மதீனாவின் குரல், "நோயாளியின் முழுப் பெயரைச் சொல்லவும்" என்கிறது. இவள், "நெட்டை அப்பா" என்கிறாள். "மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும்." "நெட்டை அப்பாங்க, எங்க நெட்டை அப்பா!" வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. கெண்டி மூக்குக்காரி கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்னப்பா, நெட்டை அப்பா எப்படி இருக்காரு?" என்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன், வேறென்ன செய்வது? பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளுக்குச் சிரிப்பே வராது.

சாதிர்பெக் மாமாவிடம் சொல், அவரைப் போல எல்லோரும் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதத் தெரிந்தவர்களாக இருந்தால் என் படிப்பு எப்போதோ முடிந்திருக்கும் என்று.

பதில் போடு. அம்மா கவலைப்படுகிறாள்.

எல்தியார்


தெரெக்-சாய்
மார்ச் 9

எல்தியாருக்கு. இங்கே எல்லோரும் நலம். ஆடுமாடுகள் நலம். அம்மாவிடமும் அப்படியே சொல்.

சிரித்த வயிற்றுவலி சரியாகிவிட்டதா?

அந்தப் பதிவு எந்தத் தேதியில் வந்தது? மூன்றாவது தடவைக்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள், அந்த நெட்டை மனிதர் என்ன ஆனார் என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்டீர்களா?

அனாரா


பிஷ்கேக்
மார்ச் 18

அக்காவுக்குச் சலாம். நலமா என்று கேட்கிறேன், "எல்லோரும் நலம்" என்று அரை வரியில் முடித்துவிடுகிறாய். சரி, நலமாகவே இருங்கள்.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. நீயுமா? நான் யாருக்காக இந்த மண்டையுடைப்பு? காபிக் கடை வரிசைக்காரனுக்கு நல்ல மதிப்பெண். எனக்குத் திட்டு. ஊருக்காக உழைக்கிறேன் என்று பார்த்தால் ஊரே ஒத்துழைக்கவில்லை. உடன்பிறந்தவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று எழுதினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறாய்.

தேதி பிப்ரவரி ஆறு, மத்தியானம். உங்கள் ஊரிலிருந்துதான். மூன்றாவது தடவைக்குப் பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நடப்பது சேவைக்கு வெளியே. அவள் யாரென்று தெரிந்தால் நீயே போய்ச் சொல்லு, அடுத்த தடவையாவது ஒழுங்காகப் பெயரைச் சொல்லச் சொல்லி.

உங்கள் வீட்டில் யாரோ படுத்த படுக்கை என்று தாலாய் அண்ணன் அரைகுறையாகச் சொன்னார். யாருக்கு? ஜலதோஷமா? அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

எல்தியார்


தெரெக்-சாய்
ஏப்ரல் 2

எல்தியார்,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை.

ஜலதோஷமா என்று கேட்கிறாய். படுக்கையில் இருப்பவர் என் மாமனார். பிப்ரவரி ஆறாம் தேதி மத்தியானம் விழுந்தார். வலது பக்கம் வேலை செய்யவில்லை. வாய் கோணிவிட்டது. சொல்வது பாதிக்கு மேல் புரிவதில்லை. உன் வகுப்பு உருண்டு புரண்டு சிரித்த அந்தப் பெண் நான்தான்.

மாமியார் பக்கத்து ஊருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவரும் நானும்தான் வீட்டில். அடுப்புக்குக் கரி எடுக்கப் போனவர் கொட்டகையில் விழுந்து கிடந்தார். மேலே போர்வையைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். என் தம்பி செய்த எண் என்று நம்பித்தான் அடித்தேன். உன் தோழி பெயர் கேட்டாள்.

சொல்லத் தெரியாத ஜனங்கள் என்று எழுதினாயே. அம்மா நம் தாத்தாவின் பெயரைச் சொல்லி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? அவர் சாகும்வரை "குதிரைக்காரர்" என்றுதான் சொன்னாள். அந்த வீட்டில்தானே நீயும் வளர்ந்தாய், சோறு தின்றாய்? உன் வாய்க்கு எந்தப் பெயரும் தடை இல்லை, அதனால் உன் காதில் அது விழவே இல்லை. நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், விருந்தாளிகள் இருக்கும்போது, கரண்டு பில்லில் இருந்த பெயரை அப்படியே வாய்விட்டுப் படித்துவிட்டேன். மாமியார் என்னை நடுவில் நிறுத்தி, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்க வைத்தார். மூத்த நாத்தனார் இன்னும் அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றிலிருந்து அந்த மனிதர் எனக்கு நெட்டை அப்பா.

அன்றைக்குச் சொல்லப் பார்த்தேன்டா. வாயைத் திறந்தேன். தொண்டைக்கு மேல் வரவில்லை. இரண்டு தடவை அடித்தேன், இரண்டு தடவையும் உன் இயந்திரம் என்னைத் தூக்கி எறிந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவளும் இந்தக் குலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், அவளுக்கும் இவர் மாமனார் முறை. போனைக் கையில் வாங்கி விழித்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெரு முழுக்க மருமகள்கள். ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பனியில் கடைவரைக்கும் ஓடினேன். கடைக்கார ரவீல்யா தாத்தார் இனத்துப் பெண், எங்கள் குலத்தவள் இல்லை. அவள் போனைப் பிடுங்கி ஒரே மூச்சில் பெயரைச் சொன்னாள். கார் உடனே வந்தது. அந்த மட்டில் உன் வடிவமைப்பு பிரமாதம்தான்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். வீட்டில் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மூத்த நாத்தனார் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "அப்பா அங்க கிடக்காரு, நீ தெருத்தெருவா ஊர் சுத்திக்கிட்டு இருந்தியா? வாயில என்ன, காய்ஞ்ச தயிர் உருண்டையா அடைச்சு வெச்சிருந்தே?" நான் பதில் சொல்லவில்லை. சொன்னால், "அந்த நேரத்துல பேரைச் சொல்லாதேன்னு யாரு உன்னைத் தடுத்தா?" என்பார்கள். தடுத்தவர்களே கேட்பார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தேநீர்க் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று வேற்று ஆளுக்குச் சொல்வது போல. இருபதாம் தேதிக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் கூடி முடிவு செய்யப்போகிறார்கள். என்னை உங்களிடம் அனுப்பிவிட்டுப் பிள்ளைகளை இங்கேயே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பிள்ளைகளின் அப்பா ரஷ்யாவிலிருந்து, "அம்மா என்ன சொல்றாங்களோ அதான்" என்கிறார்.

அம்மாவிடம் சொல்லாதே. உனக்கும் இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அனாரா


பிஷ்கேக்
ஏப்ரல் 8

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

பதிவை மறுபடி போட்டேன், தனியாக. உன் குரல் என்று தெரிந்த பிறகும் எனக்கு அடையாளம் பிடிபட நேரம் ஆயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு நீ உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் சிரித்த சத்தத்தில் கடைசிப் பகுதியை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு, லைன் போவதற்கு முன்னால், நீ "டேய் எல்தியார், இதையாடா செஞ்சே?" என்று கேட்கிறாய். என் பெயரை மட்டும் உன்னால் சொல்ல முடிந்தது.

என் திட்டத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டேன். மதீனா ஓடி வந்து கையைப் பிடித்தாள், அவளிடமும் கத்தினேன். மூன்று ஊர்களிலும் பழைய எண்ணுக்கே மாற்றிவிட்டேன், இப்போது மனிதர்கள்தான் எடுக்கிறார்கள். என் எண் என் கணினியோடு சரி. அதிகாரி போனில் குதித்தார், குதிக்கட்டும்.

அவர்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். உன் நாத்தனாரையும் மாமியாரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன். ஜூனில் தேர்வுக் குழு முன்னால் இந்தப் பதிவைப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். அதிகாரிக்கு உறைக்க வேண்டும். நீ சரி என்றால் மட்டும்.

பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "எனக்கும் கல்யாணம் ஆச்சுப்பா" என்று மட்டும் சொன்னார்.

எல்தியார்


தெரெக்-சாய்
ஏப்ரல் 14

எல்தியாருக்கு. இங்கே பனி உருகுகிறது, குட்டிகள் பிறக்கின்றன. மாமனார் நேற்று ஸ்பூனை இடது கையால் பிடித்தார். அதை நலம் என்று வைத்துக்கொள்.

நீ வரக்கூடாது. வந்து இரண்டு கத்துக் கத்திவிட்டு அடுத்த வேனில் போய்விடுவாய். மிச்சமிருப்பதை அள்ளப்போவது நான்தான். என் தரப்பில் ஆண்பிள்ளை வந்து பேசித்தான் நான் இங்கே இருக்க வேண்டும் என்றால், அந்த இருப்பு எனக்கு வேண்டாம்.

பதிவையும் போடக்கூடாது. அன்றைக்கு இருபது பேர் சிரித்தார்கள். ஜூனில் இன்னும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், உனக்கு நல்ல மதிப்பெண் வரும். நான் அழுதது உன் பரீட்சையில் போட்டுக்காட்ட இல்லை. அழித்துவிடு.

ஆனால் ஒரு வேலை செய். உன் எண்ணை ஒரே ஒரு போனுக்கு, என்னுடையதற்கு மட்டும், குடும்பம் கூடுகிற ஞாயிறு முடியும் வரை திறந்து வை. எதையும் திருத்தாதே. அதே குரல், அதே கேள்வி, அதே மூன்று தடவை. கார் மட்டும் கிளம்பக்கூடாது. ஏன் என்று கேட்காதே.

அனாரா


தெரெக்-சாய்
ஏப்ரல் 25

எல்தியாருக்கு அக்காவின் ஆசிகள். நீயும் அம்மாவும் நலம்தானே? முட்டி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். இரண்டு நாத்தனார்கள், சின்ன மாமனார், அவர் மனைவி. பிள்ளைகளின் அப்பாவைப் போனில் கூப்பிட்டுக் கெண்டியில் சாய்த்து வைத்தார்கள், ரஷ்யாவிலிருந்து முகம் மட்டும் உட்கார்ந்திருந்தது. மாமனாரை அதே அறையில் ஓரமாகப் படுக்க வைத்திருந்தோம். அவரைப் பற்றிய பேச்சு, அவர் கேட்கவே நடந்தது. அதற்கு முன்பே நான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றியிருந்தேன். மூத்த நாத்தனார் வழக்கம்போல ஆரம்பித்தாள், நான் ஓடியதையும் பனியையும் கடையையும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்வரை பேசினாள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் மூச்சு விட்ட நேரத்தில் என் போனை எடுத்து மாமியாரின் முன்னால் வைத்தேன்.

"அம்மா, நீங்க அன்னைக்கு வீட்டுல இருந்ததா வெச்சுக்குங்க. அப்பா கொட்டகையில விழுந்துட்டாரு. இதான் அந்த நம்பர். போன் போடுங்க" என்றேன்.

மூத்த நாத்தனார் கையை நீட்டினாள். "கொண்டா, நான் போடறேன், இதுல என்ன?"

"நீங்க மக. உங்க வாய்க்கு வரும். அன்னைக்கு நீங்க இல்லையே" என்றேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை. கெண்டியில் சாய்ந்திருந்த முகம், "என்ன நடக்குது அங்க?" என்றது.

நானே எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். மதீனா கேட்டாள், நோயாளியின் முழுப் பெயரைச் சொல்லவும். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க கிழவரு" என்றார். மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும். "பிள்ளைங்களோட அப்பா." மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும். மூன்றாவது தடவை வாயைத் திறந்தார். உதடு ஆடியது. நாற்பது வருஷம் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்ட மனுஷன் பெயர், அதுவும் அவர் கண்முன்னாலேயே படுத்திருக்கிறார். வரவில்லை, எல்தியார்.

அப்போது படுக்கையிலிருந்து ஒரு சத்தம். மாமனார் தலையைத் தூக்கிக்கொண்டு, கோணிப்போன வாயால், தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். எச்சில் வழிய, முழுப் பலத்தையும் போட்டு. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. உன் இயந்திரத்துக்குப் புரியவில்லை. அழைப்பு முடிந்தது, நன்றி என்று சொல்லிவிட்டு அணைந்துபோயிற்று.

சின்ன மாமனாரின் மனைவிதான் முதலில் அழுதாள். அவளும் இந்த வீட்டு மருமகள்தானே. மூத்த நாத்தனார் ஏதோ சொல்ல வந்தாள். மாமியார், "சும்மா இருடி" என்றார். பிறகு என் முன்னால் இருந்த கெண்டியை எடுத்தார். சாய்த்து வைத்திருந்த முகம் குப்புற விழுந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பாதிகூட இல்லை, அடியில் ஒரு மடக்கு மட்டும். உட்காரு, இன்னும் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று வீட்டு மனிதர்களுக்குச் சொல்லும் அளவு. மருமகளாக வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு யாரும் இப்படித் தேநீர் ஊற்றியது இல்லை.

குடித்தேன். அனுப்புவது பற்றி அதற்கப்புறம் பேச்சு எழவில்லை. பிள்ளைகள் என்னிடமே இருக்கிறார்கள். அதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. மாமியார் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமனார் எழுந்து நடக்கப் போவதில்லை. உன் மேலும் தீரவில்லை, தீரும்போது நானே சொல்கிறேன்.

ஜூனில் உன் அதிகாரி பெயர் கட்டாயம் வேண்டும் என்று நின்றால் இதைச் சொல். அந்த அறையில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் அன்றைக்குக் கொட்டகையில் கிடந்தவர் பக்கத்தில் இருந்திருக்கக்கூடிய யாராலும் அதைச் சொல்ல முடியவில்லை, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் உட்பட. முதலில், எங்கே வர வேண்டும் என்று கேள். சிவப்பு வாசல் என்று சொன்னால் சிவப்பு வாசலைத் தேடக் கற்றுக்கொடு உன் இயந்திரத்துக்கு. அப்பாவைக் கொன்றது அந்த வாசல் இல்லை, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாதவர்கள். பெயரை வண்டி கிளம்பிய பிறகு கேள்.

அம்மாவுக்கு இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். உனக்கு வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

இந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இவ்வளவு நடந்தும், இவ்வளவு கோபத்திலும், அவர் பெயரை நான் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று பேனாவை வைத்துப் பார்த்தேன். கை வரவில்லை.

அனாரா